வட்டில் அடங்கிய திரைப்படம்: வீட்டுக் காப்புப்படிகளின் வரலாறு

திரைப்படத்தை வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் வீடியோ நாடாவோடு வந்தது என்றாலும், அதைப் படியெடுத்துப் பாதுகாப்பது ஒரு தேர்ந்த கைவேலையாக வளர்ந்தது ஒளிவட்டுகளின் காலத்தில்தான். நாடாவிலிருந்து நாடாவுக்குப் படியெடுத்தால் ஒவ்வொரு படியிலும் நிறம் வெளிறி, இரைச்சல் கூடி, மூன்றாவது படி பார்க்கத் தகாததாகிவிடும். எண்ணிம வட்டில் மூலமும் படியும் ஒரு பிட்டுகூட மாறாமல் ஒத்திருக்க முடியும் என்பதால், காப்புப்படி எடுப்பது முதல்முறையாகப் பயனுள்ள வேலையாயிற்று. 1990களின் நடுவிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள், எந்த வட்டைத் தேர்வது, எந்த மென்பொருளைக் கொண்டு எழுதுவது என்ற இரண்டு கேள்விகள் இந்தக் கைவேலையில் இறங்கியவர்கள் அனைவர் முன்னும் இருந்தன. வட்டைப் பற்றியே அதிகம் பேசப்பட்டது. கடையில் விலை கொடுத்து வாங்குவது அதுதான் என்பதால் அது இயல்பே. ஆனால் எந்தப் படி இன்றும் ஓடுகிறது, எது ஓடவில்லை என்று பார்த்தால், விலையில்லாமல் கிடைத்த மென்பொருளும் அது பயன்படுத்திய கோப்பு வடிவமுமே பெரும்பாலும் அதைத் தீர்மானித்திருக்கின்றன.

பிலிப்ஸ், சோனி, மட்சுஷிட்டா, ஜேவிசி ஆகிய நிறுவனங்கள் 1993இல் வெளியிட்ட, வெண்ணூல் எனப்படும் தரக்குறிப்பிலிருந்து வீடியோ சிடி, அதாவது விசிடி, பிறந்தது. குறுந்தகட்டின் தரக்குறிப்புகள் அட்டையின் நிறத்தால் அழைக்கப்பட்டன. இசைத் தகட்டுக்குச் செந்நூலும் எழுதத்தக்க தகட்டுக்கு ஆரஞ்சு நூலும் இருந்த வரிசையில் இது வந்து சேர்ந்தது. எம்பெக்-1 என்ற சுருக்கமுறையைக் கொண்டு, இந்தியாவில் வழங்கிய பால் முறைத் தொலைக்காட்சிக்கு ஏற்ப 352க்கு 288 புள்ளிகள் கொண்ட படத்தை நொடிக்கு 1,150 கிலோபிட் வீதத்திலும், ஒலியை 224 கிலோபிட் வீதத்திலும் பதிந்து, ஒரு தகட்டில் 74 நிமிடம் ஓடும் படத்தை அது அடக்கியது. அமெரிக்காவில் கால் ஊன்றாத இந்த வடிவம் சீனா, ஹாங்காங், தென்கிழக்கு ஆசியா, இந்தியா ஆகிய இடங்களில் பல்கிப் பரவியதற்கு, மலிவான கருவி, ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கும் நாடாவிலிருந்து கிடைத்த விடுதலை, படியெடுப்பைத் தடுக்கும் பூட்டு எதுவும் இல்லாமை ஆகிய மூன்றையும் சேர்த்தே காரணமாகச் சொல்ல வேண்டும்.

இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் விசிடியில் இரண்டு தகடுகளாகவும், அதைவிட நீண்டால் மூன்றாகவும் வந்தது. பூட்டில்லாத வடிவம் என்பதால் திருட்டு விசிடியும் உடன் வளர்ந்தது. தமிழ்நாடு அரசு 2004இல் குண்டர் சட்டத்தைத் திருத்தி, வீடியோத் திருட்டில் ஈடுபடுவோரையும் அதன் கீழ்க் கொண்டுவந்தது. முறையான சந்தையில் மாற்றம் வந்தது, வெற்றுத் தகடுகளை உற்பத்தி செய்வதில் உலக அளவில் முன்னணியில் இருந்த மோசர் பேர் என்ற இந்திய நிறுவனம் திரைப்பட வெளியீட்டில் இறங்கி விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கிய பிறகு. அந்த விலையில் ஒரு படம் கிடைத்தபோது, கீறல் விழுந்த தகட்டுக்குக் காப்புப்படி எடுப்பதைவிடப் புதிதாக ஒன்று வாங்குவது எளிது என்ற எண்ணம் சில ஆண்டுகள் நிலவியது. அந்த எண்ணத்துக்குப் பின்னால் ஓர் ஊகம் இருந்தது, அந்தத் தகடு என்றும் கடையில் கிடைக்கும் என்பது. 2018இல் அந்த நிறுவனத்தைக் கலைக்க நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் ஆணையிட்டபோது அந்த ஊகம் சரியல்ல என்பது தெளிவாயிற்று.

விசிடியைக் கணினியில் இட்டுத் திறந்தவர்கள் எம்பெக்ஏவி என்ற கோப்புறையையும் அதற்குள் ஏவிசெக்01.டாட் என்ற பெரிய கோப்பையும் கண்டிருப்பார்கள். 700 எம்பி கொள்ளும் தகட்டில் அந்தக் கோப்பு 800 எம்பிக்கு அருகில் காட்டுவது பலருக்கும் புதிராக இருந்தது. குறுந்தகட்டின் ஒவ்வொரு கூறும், அதாவது ஒரே மூச்சில் படிக்கப்படும் மிகச்சிறு பகுதியும், 2,352 பைட்டுகள் நீளமுடையது. கணினித் தரவுத் தகட்டில் அதில் 2,048 பைட்டுகளே உள்ளடக்கத்துக்கு ஒதுக்கப்பட, எஞ்சியவற்றில் பெரும்பகுதி பிழைதிருத்தத்துக்குச் செல்கிறது. விசிடியோ அந்தக் கூடுதல் பிழைதிருத்தத்தைக் கைவிட்டு 2,324 பைட்டுகளைப் படத்துக்கே தருகிறது. 80 நிமிடத் தகட்டில் 3,60,000 கூறுகள் உண்டு. முதல் முறையில் அவை 73,72,80,000 பைட்டுகளையும், இரண்டாம் முறையில் 83,66,40,000 பைட்டுகளையும் கொள்ளும். படத்தில் ஒரு நொடி சிதறினால் கண் பொறுத்துக்கொள்ளும் என்ற கணிப்பில் செய்யப்பட்ட இந்தப் பரிமாற்றம், தொலைக்காட்சியோடு இணைந்த கருவியில் சரியாகவே வேலை செய்தது. கணினியோ தகட்டைத் தரவுக் கிடங்காகவே பார்த்தது. அதனால் ஒரு கூறைப் படிக்க முடியாமல் போனாலும், விண்டோஸ் முழுக் கோப்பையும் படியெடுக்க மறுத்துப் பாதியில் நின்றது. அந்த டாட் கோப்பை அப்படியே வேறொரு தகட்டில் எழுதி வைத்தவர்கள், அது கணினியில் ஓடியும் வீட்டு விசிடி கருவியில் ஓடாததைக் கண்டார்கள். வெண்ணூலின் விதிப்படி கூறுகளை அமைத்து, உள்ளடக்க அட்டவணையோடு தகட்டின் முழு உருவத்தையும் கட்டித் தந்த விசிடிஇமேஜர் என்ற கட்டற்ற மென்பொருள் அந்தக் குறையைத் தீர்த்தது. பழைய தகட்டைக் கூறு கூறாகப் படித்துப் படத்தைப் பிரித்தெடுக்கும் கருவியும் அதனுடன் வந்தது.

வீட்டில் எழுதத்தக்க தகட்டின் கதை இதற்கு இணையாக ஓடியது. ஜப்பானின் தாயோ யூடன் 1988இல் உருவாக்கிய இந்தத் தகட்டில், அச்சிட்ட தகட்டில் உள்ள குழிகளுக்கு மாறாக ஒரு சாயப் படலம் இருக்கிறது; எழுதும் கருவியின் லேசர் அந்தச் சாயத்தைச் சூடாக்கி ஒளியைத் தெறிக்கவிடாத புள்ளிகளை உண்டாக்குகிறது. சயனைன், ஃப்தாலோசயனைன், அசோ என்ற மூவகைச் சாயங்கள் வழங்கின. பச்சை, பொன், அடர்நீலம் என்று தகட்டின் அடிப்பக்கம் காட்டிய நிறத்தை வைத்தே வாங்குபவர்கள் அவற்றை அடையாளம் கண்டார்கள். குறுந்தகட்டில் தரவுப் படலம் பெயர்ச்சீட்டு ஒட்டும் மேற்பக்கத்துக்கு மிக அருகில், மெல்லிய அரக்குப் பூச்சின் கீழ் இருக்கிறது என்பது வெகுவாக அறியப்படாத செய்தி. கீழ்ப்பக்கக் கீறலை மெருகேற்றிச் சரிசெய்ய முடியும், பந்துமுனைப் பேனாவால் மேற்பக்கத்தில் படத்தின் பெயரை அழுத்தி எழுதியதால் ஏற்பட்ட சேதத்தைச் சரிசெய்யவே முடியாது.

எழுதும் வேலையிலும் தொடக்கத்தில் ஆபத்து இருந்தது. கணினி தரவை அனுப்புவதில் ஒரு கணம் தடங்கினாலும் லேசர் நின்று, தகடு வீணாகும். சான்யோ நிறுவனம் 2000இல் கொண்டுவந்த, நின்ற இடத்திலிருந்து தொடரும் நுட்பம் பரவும்வரை, தகடு எழுதும்போது கணினியில் வேறு எதையும் தொடக்கூடாது என்பது பொதுவிதியாக இருந்தது. கருவியோடு இலவசமாகத் தரப்பட்ட வணிக மென்பொருள்களே பெரும்பாலான வீடுகளில் புழங்கின. லினக்ஸ் உலகில் யோர்க் ஷில்லிங் எழுதிய சிடிரெக்கார்டு என்ற கட்டளைவரி நிரல் 1996 முதல் அடித்தளமாக அமைந்து, கே3பி போன்ற வரைகலை முகங்கள் அதன்மேல் எழுந்தன. 2006இல் உரிமம் பற்றிய கருத்து வேறுபாட்டால் டெபியன் குழு அதன் ஒரு கிளையைத் தனியே நடத்தத் தொடங்கியது; பூசல் கசப்பாகவே இருந்தாலும், மூலநிரல் வெளிப்படையாக இருந்ததால் பயனர் எவருக்கும் தகடு எழுதும் வசதி ஒரு நாளும் அறுபடவில்லை.

டிவிடி வந்தபோது கணக்கு மாறியது. 1995 டிசம்பரில் இரு போட்டி அணிகள் சமரசம் செய்து ஒரே வடிவத்தை ஏற்க, 1996 நவம்பரில் ஜப்பானில் முதல் கருவிகள் விற்பனைக்கு வந்தன. ஒற்றை அடுக்கில் 4.7 ஜிபியும் இரட்டை அடுக்கில் 8.5 ஜிபியும் கொண்ட இந்த வட்டில், படம் விஓபி என்ற கோப்புகளாகவும், எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது என்ற குறிப்புகள் ஐஎஃப்ஓ கோப்புகளாகவும் அமைந்தன. அந்தக் குறிப்புகளுக்கு பியூபி என்ற பெயரில் ஒரு மறுபடி அதே வட்டில் வேறிடத்தில் வைக்கப்பட்டது. குறிப்புக் கோப்பு கெட்டால் படம் முழுதும் பயனற்றுப்போகும் என்பதை வடிவமைத்தவர்களே உணர்ந்து இந்த ஏற்பாட்டைச் செய்திருந்தனர். வாங்கியவர் முழு வட்டுக்கும் அவ்வாறு ஒரு மறுபடி வைத்துக்கொள்வதை மட்டும் அவர்கள் தடுத்தனர். வட்டின் உள்ளடக்கத்தை 40 பிட் நீளச் சாவியால் கலைத்து வைக்கும் சிஎஸ்எஸ் என்ற பூட்டு அதற்காகவே சேர்க்கப்பட்டது. வெற்று வட்டுகளில் சாவி இருக்க வேண்டிய இடம் எழுதவே முடியாதபடி ஆக்கப்பட்டதால், பிட்டுக்குப் பிட்டு படியெடுத்தாலும் சாவியில்லாத பூட்டே கிடைத்தது.

1999 அக்டோபரில், பதினைந்து வயதான நார்வேச் சிறுவன் யோன் லெக் யோஹான்சனும் பெயர் வெளியிடாத இருவரும் உருவாக்கிய டிசிஎஸ்எஸ் என்ற நிரல் அந்தப் பூட்டைத் திறந்தது. அப்போது லினக்ஸ் கணினியில் டிவிடி பார்ப்பதற்கு உரிமம் பெற்ற மென்பொருள் எதுவும் இல்லை. விலை கொடுத்து வாங்கிய வட்டைத் தன் கணினியில் பார்ப்பதே நோக்கம் என்று யோஹான்சன் தரப்பு வாதிட்டது. 2003 ஜனவரியில் ஓஸ்லோ நீதிமன்றமும் அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு மன்றமும் அவரை விடுவித்தன. அமெரிக்காவில் காற்று வேறு திசையில் வீசியது: 1998ஆம் ஆண்டின் எண்ணிம ஆயிரமாண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ், அந்த நிரலை வெளியிட்ட 2600 என்ற இதழுக்கு எதிராக 2000இல் தீர்ப்பு வந்தது; வீட்டுக் காப்புப்படிக்கென்றே மென்பொருள் விற்ற 321 ஸ்டூடியோஸ் என்ற நிறுவனம் 2004இல் வழக்கில் தோற்று, அதே ஆண்டில் மூடப்பட்டது. இந்தியாவில் 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65அ பிரிவு, உரிமை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறைத்தண்டனை என்று கூறுகிறது. நோக்கத்தை அளவுகோலாக வைத்த இந்தச் சொற்றொடர், திருடுபவரையும் தம் அலமாரியிலுள்ள வட்டைக் காக்க முனைபவரையும் வேறுபடுத்திப் பார்க்க இடமளிக்கிறது; அமெரிக்கச் சட்டத்தைவிட இது நிதானமான அணுகுமுறை.

பூட்டைத் திறக்கும் அறிவு வழக்குகளால் அழிந்துவிடவில்லை. பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள எக்கோல் சாந்த்ரால் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996இல் தங்கள் விடுதி வலையமைப்பில் காணொளி பரப்புவதற்காகத் தொடங்கிய வீடியோலேன் திட்டம், 2001இல் தன் நிரல்களைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. விஎல்சி என்ற இயக்கி உலகெங்கும் பரவியது அதன் பிறகே. அந்தத் திட்டத்தின் லிப்டிவிடிசிஎஸ்எஸ் என்ற நிரலகம், எந்த நிறுவனத்தின் சாவியையும் கடன் வாங்காமல், பூட்டின் கணித வலுவின்மையைக் கொண்டே வட்டைப் படிக்கிறது. டிவிடியைத் திறக்கும் கட்டற்ற மென்பொருள்கள் பெரும்பாலும் அதையே நம்பியிருக்கின்றன.

எழுதத்தக்க டிவிடியில் நிறுவனங்கள் மீண்டும் இரு அணிகளாகப் பிரிந்தன. பயனியர் முன்னெடுத்து டிவிடி மன்றம் ஏற்ற டிவிடி-ஆர் ஒரு பக்கமும், பிலிப்ஸ், சோனி, எச்பி முதலியவை முன்னிறுத்திய டிவிடி+ஆர் மறுபக்கமும் நின்றன. கழித்தல் குறியும் கூட்டல் குறியும் கொண்ட இந்தப் பெயர்கள் கடைக்காரரையும் வாங்குபவரையும் ஒருசேரக் குழப்பின. 2002இல் இரண்டையும் எழுதும் கருவியைச் சோனி வெளியிட்ட பிறகே குழப்பம் தணிந்தது. பழைய டிவிடி கருவிகள் கழித்தல் வகையை எளிதாக ஏற்றன. கூட்டல் வகையிலோ, வட்டின் தொடக்கத்தில் உள்ள வகைக் குறிப்பை மாற்றி, அச்சிட்ட டிவிடி என்றே கருவியிடம் அறிவிக்கச் செய்யும் வசதி இருந்தது. சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் ஐம்பது ஐம்பதாக அடுக்கி விற்கப்பட்ட வட்டுகளில் உறைமேல் உள்ள பெயர் ஒன்றாகவும் உற்பத்தி செய்தவர் வேறாகவும் இருப்பது வழக்கம். உண்மையான உற்பத்தியாளரின் குறியீடு வட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்: டிஒய்ஜி02 என்றால் தாயோ யூடனின் கழித்தல் வகை, எம்சிசி 004 என்றால் மிட்சுபிஷியின் கூட்டல் வகை. அந்தக் குறியீட்டைப் படித்துக் காட்டும் சிறு இலவச நிரல் ஒன்றை வைத்திருந்தவர்கள், ஒரு வட்டை மாதிரிக்கு வாங்கிப் பார்த்துவிட்டு நூறு வாங்கினார்கள். மற்றவர்கள் உறையை நம்பினார்கள்.

இரட்டை அடுக்கு டிவிடியில் வந்த படத்தை வீட்டில் எழுதத்தக்க ஒற்றை அடுக்கு வட்டில் எப்படி அடக்குவது என்பதே அந்தப் பத்தாண்டின் பெருங்கேள்வி. 2004இல் எழுதத்தக்க இரட்டை அடுக்கு வட்டு வந்தும், விலை காரணமாக அது அரிதாகவே பயன்பட்டது. 4.7 ஜிபி என்று உறையில் அச்சிட்டது, கணினி கணக்கிடும் முறையில் 4.38 ஜிபி மட்டுமே, 7.9 ஜிபி உள்ள படத்தை அதில் இட ஏறத்தாழ பாதியாகக் குறைக்க வேண்டும். டிவிடி ஷ்ரிங்க் என்ற இலவச நிரல் இதைச் செய்த விதம் நுணுக்கமானது. எம்பெக்-2 முறையில் ஒவ்வொரு சட்டகமும் 8க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்தின் ஒளிமாற்றமும் எண்களாக மாற்றப்பட்டு, அந்த எண்கள் ஒரு வகுப்பானால் வகுக்கப்பட்டுச் சேமிக்கப்படுகின்றன. படத்தை முழுதாகப் பிரித்து மீண்டும் கட்டுவதற்குப் பதிலாக, அந்த எண்களை மட்டும் எடுத்து, இன்னும் பெரிய வகுப்பானால் வகுத்துத் திரும்ப வைத்துவிடுகிறது ஷ்ரிங்க். பொருள்களின் அசைவைக் குறிக்கும் தகவலைத் தொடுவதில்லை. இரவு முழுதும் ஓட வேண்டிய வேலை இதனால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. பயனர் செய்ய வேண்டிய தேர்வுகளும் தெளிவாக இருந்தன: வேண்டாத மொழி ஒலித்தடத்தை நீக்குவது, விளம்பர முன்னோட்டங்களை நிழற்படமாக மாற்றுவது, பிறகும் இடம் போதாவிட்டால் மட்டும் படத்தைச் சுருக்குவது. இந்த வரிசையைக் கடைப்பிடித்தவர்களின் படிகள் மூலத்தோடு ஒப்பிடத்தக்க தரத்தில் நின்றன. எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டவர்களின் படிகளில் இருண்ட காட்சிகள் கட்டம் கட்டமாக உடைந்தன.

ஷ்ரிங்க் இலவசமாகக் கிடைத்தது, அதன் மூலநிரலோ வெளியிடப்படவில்லை. 2004இல் வந்த 3.2 வரிசையே அதன் கடைசிப் பதிப்பாயிற்று. அதனோடு இணையாகப் பயன்பட்ட டிவிடி டிகிரிப்டர், ஒரு நிறுவனத்தின் சட்ட நெருக்குதலால் 2005இல் நிறுத்தப்பட்டது. அதே ஆசிரியர் பூட்டுத் திறக்கும் பகுதியைத் தவிர்த்து, எழுதும் பகுதியை மட்டும் இம்க்பர்ன் என்ற பெயரில் தொடர்ந்து வளர்த்தார், 2013க்குப் பின் அதற்கும் புதிய பதிப்பு வரவில்லை. மூன்றும் அருமையான நிரல்கள், தனி மனிதர்கள் எந்த ஊதியமும் பெறாமல் உலகுக்குத் தந்தவை. ஆனால் அவர்கள் கையை எடுத்ததும் அந்த வேலையைத் தொடர எவருக்கும் வழியிருக்கவில்லை.

ஹேண்ட்பிரேக் என்ற நிரலின் வரலாறு இதற்கு நேர்மாறானது. எரிக் பெட்டி என்பவர் 2003இல் பிஓஎஸ் என்ற, அதிகம் பேர் அறியாத இயங்குதளத்துக்காக அதை எழுதினார்; 2006இல் அவரிடமிருந்து செய்தி நின்றபோது, மூலநிரல் கட்டற்ற உரிமத்தில் இருந்ததால் வேறு இருவர் அதை எடுத்து மீடியாஃபோர்க் என்ற பெயரில் தொடர்ந்தனர்; அவரோடு தொடர்பு மீண்டதும் 2007இல் இரண்டும் ஒன்றாயின. முதலில் எழுதப்பட்டுப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2016 டிசம்பர் 24ஆம் நாள், அதன் 1.0 பதிப்பு வெளியானது. தொடங்கிய இயங்குதளம் மறைந்து நெடுநாளாகியும் நிரல் இன்றும் புதுப்பிக்கப்படுகிறது. ஹேண்ட்பிரேக்கின் உள்ளே வேலை செய்யும் எஃப்எஃப்எம்பெக்கும் அவ்வகையே: ஃபப்ரீஸ் பெலார் 2000இல் தொடங்கிய அந்த நிரல்தொகுதி, கைமாறிக் கைமாறி, காணொளி புழங்கும் எண்ணற்ற மென்பொருள்களின் அடியில் அமர்ந்திருக்கிறது.

வட்டின் அமைப்பையே விட்டுவிட்டுப் படத்தை ஒரே கோப்பாக்கும் வழக்கமும் இதே ஆண்டுகளில் வளர்ந்தது. எம்பெக்-4 முறையில் அமைந்த டிவெக்ஸ், விசிடியைவிடத் தெளிவான படத்தை ஒரே 700 எம்பி தகட்டில் தந்தது. அதன் திறந்த பதிப்பு 2001இல் கைவிடப்பட்டபோது தன்னார்வலர்கள் அதிலிருந்து எக்ஸ்விட்டை உருவாக்கினர். ஆங்கிலப் படங்கள் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தவை என்பதால் ஒரு தகடு அவற்றுக்குப் போதுமானது. 150 நிமிடத் தமிழ்ப் படத்துக்கு அதே 700 எம்பியைப் பங்கிட்டால் நொடிக்கு 650 கிலோபிட்டே வரும். ஒலிக்கு 128ஐக் கழித்தால் படத்துக்கு மிஞ்சுவது 520 அளவில்தான், பாடல் காட்சிகளில் நூறு பேர் ஆடும்போது அது போதாது. ஆகவே தமிழ்ப் படங்களை இரண்டு தகடுகளில் வைப்பதே அறிந்தவர்களின் வழக்கமாயிற்று. எந்த உறையில் படத்தையும் ஒலியையும் இணைப்பது என்ற கேள்வியில், 2002 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட மட்ரோஸ்கா வடிவம், அதாவது எம்கேவி, பல ஒலித்தடங்களையும் துணையுரைகளையும் ஒரே கோப்பில் தாங்கியது. அதன் விவரக்குறிப்பு எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருப்பதால், டிவிடியின் தமிழ், தெலுங்குத் தடங்களையும் ஆங்கிலத் துணையுரையையும் இழக்காமல் காக்க நினைப்பவர்களுக்கு இன்றும் அதுவே பொருத்தமானது.

ப்ளூரே வட்டு இந்த வழக்கத்தில் சிறிய இடமே பெற்றது. 2008 பிப்ரவரியில் தோஷிபா எச்டி டிவிடியைக் கைவிட்டபோது அந்தப் போட்டி முடிந்தது. 25, 50 ஜிபி கொள்ளும் வட்டு வென்றது. ஆனால் அதற்குள் வன்தட்டின் விலை சரிந்துவிட்டதால், ஐம்பது வட்டில் எழுதி அடுக்குவதைவிட ஒரு வன்தட்டு வாங்குவதே பலருக்கும் உகந்ததாயிற்று. சாயத்துக்குப் பதிலாகக் கனிமப் படலத்தில் எழுதும் எம்-டிஸ்க் நெடுநாள் நிலைக்கும் என்ற பெயரோடு வந்தாலும், அதை உருவாக்கிய மில்லெனியாட்டா 2016இல் திவாலானது. சோனி 2025 பிப்ரவரியில் எழுதத்தக்க ப்ளூரே வட்டுகளின் உற்பத்தியை நிறுத்தியது.

வீட்டில் எழுதிய வட்டுகளின் ஆயுளைப் பற்றி, அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003இல் ஒரு கையேட்டை வெளியிட்டது; ஒளி, வெப்பம், ஈரப்பதம் மூன்றிலிருந்தும் விலக்கி, செங்குத்தாக நிறுத்தி, நெகிழி உறையில் அல்லாமல் தனிப்பெட்டியில் வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். கடற்கரை நகரங்களில் இரும்பு அலமாரியில், பிளாஸ்டிக் பைகளில் நூற்றுக்கணக்கில் செருகி வைத்த தகடுகள் இந்த அறிவுரை ஒவ்வொன்றையும் மீறியவை. சாயம் மங்குவதும் தெறிப்புப் படலம் அரிப்பதும் அங்கு விரைவாகவே நடக்கும். இதற்கு எதிராகக் கார்ஸ்டன் க்னோர்லிக் எழுதிய டிவிடிசாஸ்டர் என்ற கட்டற்ற நிரல் ஒரு வழி காட்டியது: வட்டு நல்ல நிலையில் இருக்கும்போதே அதன் உள்ளடக்கத்திலிருந்து ரீட்-சாலமன் என்ற கணித முறையில் திருத்தத் தகவலைக் கணக்கிட்டு, தனிக் கோப்பாகவோ வட்டின் மீதியிடத்திலோ வைத்துவிட்டால், பின்னாளில் சில பகுதிகள் படிக்க முடியாமல் போனாலும் அவற்றை மீண்டும் பெறலாம். ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கூடுதல் இடம் அதற்குப் போதும். 4.38 ஜிபியையும் படத்தால் நிரப்பாமல் 3.8 ஜிபியோடு நிறுத்திக்கொள்ளும் பொறுமை இதற்கு வேண்டியிருந்தது, அந்தப் பொறுமை மிகச் சிலரிடமே இருந்தது. மூல ஆசிரியர் விலகிய பிறகும் அந்த நிரலை வேறொருவர் எடுத்து வளர்த்து வருகிறார்.

திருத்தத் தகவல் இல்லாமல் கெட்டுவரும் வட்டுகளே இன்று அலமாரிகளில் பெரும்பாலானவை. கடையில் வாங்கிய படங்களைவிட, வேறெங்கும் படியில்லாத திருமணப் பதிவுகளும் அரங்கேற்றங்களும் ஊர்த் திருவிழாக்களும் அவற்றில் அதிகம் கவலைக்குரியவை. வீட்டில் எழுதிய தரவுத் தகட்டையும் டிவிடியையும் படிக்க குனூ திட்டத்தின் டிடிரெஸ்க்யூ பயன்படுகிறது: எளிதில் படியும் பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, படியாதவற்றின் இடத்தை ஒரு வரைபடக் கோப்பில் குறித்து, பிறகு அவற்றை மட்டும் திரும்பத் திரும்ப முயல்கிறது. ஒரு கருவியால் படிக்க முடியாத கூறை வேறு நிறுவனத்தின் கருவி படித்துவிடுவது அடிக்கடி நிகழ்வதால், வரைபடக் கோப்பை எடுத்துச் சென்று இரண்டாவது கருவியில் அதே வேலையைத் தொடரலாம். ஒரே பதிவு இரண்டு வட்டுகளில் மணமகன் வீட்டிலும் மணமகள் வீட்டிலும் இருந்து, இரண்டும் பிட்டுக்குப் பிட்டு ஒரே உருவத்திலிருந்து எழுதப்பட்டிருந்தால், ஒன்றில் கெட்ட கூறுகளை மற்றொன்றிலிருந்து நிரப்பவும் முடியும். விசிடிக்கு இந்த வழி ஒத்துவராது, அதன் கூறுகளின் அமைப்பு வேறு என்பதால் விசிடிஇமேஜருடன் வரும் பிரித்தெடுக்கும் கருவியோ சிடிஆர்டிஏஓ என்ற நிரலோ தேவை. பிரித்தெடுத்த எம்பெக்-1 கோப்பைப் புதிய வடிவத்துக்கு மாற்ற வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை; மீண்டும் சுருக்கினால் ஏற்கெனவே குறைந்த தெளிவு இன்னும் குறையும், விஎல்சியும் எஃப்எஃப்எம்பெக்கும் 1993இன் அந்த வடிவத்தை அப்படியே படிக்கின்றன. டிவிடியின் எம்பெக்-2க்கு அமெரிக்காவில் எஞ்சியிருந்த காப்புரிமைகளும் 2018 பிப்ரவரியில் காலாவதியாகிவிட்டதால், அதைப் படிக்கும் நிரலை எவரும் எவரிடமும் அனுமதி கேட்காமல் எழுதி வழங்கலாம். வட்டு படிக்கும் கருவிதான் மடிக்கணினிகளிலிருந்து மறைந்துவிட்டது. யுஎஸ்பி வழி இணைக்கும் கருவிகள் இன்னும் விற்பனையில் உள்ளன.